நான் வெளுப்பாக்கிய கண்

ஜூன் 3

ஸ்டூடியோவில் இன்று ஒன்பது பாஸ்போர்ட் சைஸ், ஒரு கைக்குழந்தை. அந்தக் குழந்தை ஒன்றே ஒன்பது பேருக்குச் சமமாக உயிரை வாங்கியது. மாலையில் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக், எங்கள் மாடி அறையில்தான் ஜாகை. கல்யாணம் வேண்டாம் என்றே நாற்பதைத் தாண்டிவிட்டான். கம்பெனி அடையாள அட்டைக்குப் படம் வேண்டுமாம். கம்ப்யூட்டரில் பார்த்தால் கண் மஞ்சளடித்தது. இந்த விளக்கை மாற்றச் சொல்லி முதலாளியிடம் எத்தனை தடவைதான் கேட்பது? வழக்கம்போல் கண்ணை வெளுப்பாக்கினேன். இரண்டு நிமிட வேலை.

"பத்து வயசக் குறைச்சிட்டீங்க மாமா" என்றான்.

"தொப்பையையும் குறைச்சிருப்பேன். படம் கழுத்தோட முடிஞ்சிடுச்சே."

ஜூன் 21

மச்சானுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. கிரீஸ் ஒத்துக்கொள்ளவில்லையாம். சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுகிறான். பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட்டுத் தரச் சொன்னான். "யாருக்காகடா இளைக்கிற? யாரு அந்தப் பொண்ணு?" என்றேன். சிரித்து மழுப்பினான்.

ஜூலை 5

மழை. நாள் முழுக்கக் கடையில் ஈ ஓட்டினேன்.

ஜூலை 13, ஞாயிறு

துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போன மனைவி அலறினாள். "என்னங்க! இவன் கண்ணைப் பாருங்க!"

விடியுமுன் வேலைக்குக் கிளம்பி, விளக்கு வைத்தபின் திரும்புகிறவன். அவன் முகத்தை நாங்கள் பகலில் பார்த்தே வெகுநாள். வெயிலில் உட்கார்ந்திருந்தான். கண் முட்டை மஞ்சள்கரு மாதிரி இருந்தது. "வலியே இல்லக்கா. சாதாரணக் காமாலையா இருக்கும்" என்கிறான்.

ஜூன் மூன்றாம் தேதி எடுத்த படம் நினைவுக்கு வந்தது. சாவி என்னிடம்தானே - போய்க் கடையைத் திறந்து அசல் படத்தை எடுத்தேன். அதே நாள், அதே விளக்கு. மற்ற அத்தனை பேர் கண்ணும் பளிச்சென்று வெள்ளை. அந்தக் குழந்தையின் கண்கூட. இவன் ஒருவன்தான் மஞ்சள்.

நாற்பது நாள். என் கையாலேயே அழிச்சிருக்கேன். விளக்காம் விளக்கு! இருபத்தாறு வருஷம் கண்ணையே பார்த்துப் பிழைக்கிறவன் - உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?

ஜூலை 14

"எவ்வளவு நாளா இப்படி?" என்று டாக்டர் கேட்டார். "நேத்துதான் பார்த்தோம்" என்றாள் மனைவி. எனக்குத் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கோழை.

ஜூலை 19

ஸ்கேன் வந்துவிட்டது. மனைவி மருந்துக்கடை வரிசையில் நின்றாள். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கணையத்தில் கட்டி. அதுதான் பித்தம் இறங்கும் வழியை அடைத்திருக்கிறது. கல்லீரலுக்கும் பரவிவிட்டது.

"ஆபரேஷன் கட்டத்தைத் தாண்டிடுச்சு. அடைப்பு இருக்கிற இடத்துல ஒரு குழாய் வைக்கிறோம். மஞ்சள் போயிடும், அரிப்பும் நின்னுடும். ஆனா கட்டி அப்படியேதான் இருக்கும். மருந்து கொடுத்து நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்."

"நாப்பது நாள் முன்னாடி வந்திருந்தா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொல்ல முடியாது. ஒருவேளை."

ஒருவேளை. ஒருவேளை. ஒருவேளை.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள், "என்ன சொன்னாரு?" "குழாய் வைக்கணுமாம். மஞ்சள் போயிடுமாம்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 22

வேலை ஓடவில்லை. படமெடுக்க வந்த ஒரு அம்மாளிடம், "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க, கண்ணைப் பார்க்கணும்" என்றேன். முறைத்துவிட்டு, படம் எடுக்காமலே போய்விட்டார்.

ஆகஸ்ட் 9

குழாய் வைத்தபின் மச்சானுக்கு மஞ்சள் போய்விட்டது. கண் சுத்த வெள்ளை. மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அந்த வெள்ளையைப் பார்க்கப் பார்க்க எனக்குத்தான் குலை நடுங்குகிறது.

அவள் காய் வாங்கப் போன நேரம் பார்த்து மச்சான் கேட்டான். "மாமா, உண்மையச் சொல்லுங்க. எனக்குச் சரியாயிடுச்சா?"

"இல்லடா."

ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. கட்டி, கல்லீரல், டாக்டர் சொன்னது, ஜூன் மூன்றாம் தேதி நான் செய்த காரியம் - எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் எழுந்துபோய் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"கட்டி விஷயத்தை அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றான். "போட்டோ விஷயத்தை மட்டும் நீங்க எப்பவுமே சொல்லிடாதீங்க."

"ஏன்டா?"

"நான் போனதுக்கப்புறம் அவளுக்கு நீங்க ஒருத்தர்தானே மாமா."