மாடியில் வளைந்த ஒன்பது ரெக்கார்டுகள்

அத்தான்,

ஹார்பர் ஷிப்ட் முடிந்து வந்ததும் தூங்கிவிடாதீர்கள். பதினோரு மணிக்கு நாசரேத்திலிருந்து உங்கள் அக்கா வருகிறார்கள். சாளைமீன் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது, சோறு மட்டும் பொங்கிவிடுங்கள். மாடிச் சாவியை நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறேன். இனி அது என்னிடம்தான் இருக்கும்.

"உப்புக்காத்துல பூஞ்சை பிடிச்சிருக்கு, கருவாடு மாதிரி ஒருநாள் வெயில்ல போட்டா போயிரும்லா" என்று சொல்லி நேற்று என் ரெக்கார்டுகளை மாடியில் காயப் போட்டீர்கள். கருவாடு காயும், அத்தான். ரெக்கார்டு வளையும். பெங்களூரில் வேலை பார்த்தபோது நான் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கிய எலக்ட்ரானிக் இசைத் தட்டுகள், ஒன்பதும் பொரித்த அப்பளமாய்க் கிடக்கின்றன.

அதற்குக்கூட நான் கத்தவில்லை. "அதான் எல்லாத்தையும் சேத்து பென்டிரைவ்ல வச்சிருக்கியே, பெறவென்ன?" என்றீர்களே, அதற்குத்தான்.

பென்டிரைவ் மேசையில் இருக்கிறது. அக்கா வருவதற்குள் கேளுங்கள். முதல் பாட்டு, விடுதி அறையில் நான் தனியாக இருந்த கிறிஸ்துமஸ். மூன்றாவது, அப்பா இறந்த செய்தி வந்தபோது ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிலிருந்து பென்டிரைவுக்குப் பதிவு செய்யும்போதும் நான் அறையில் நிற்கவில்லை, வெளியே போய்விட்டேன்.

ஜெப்ஸி

அக்காவிடம் எதையும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. பதினெட்டாவது நிமிடத்தில் ரெக்கார்டு ஊசி துள்ளும் சத்தம் கேட்கும். கல்யாணமான முதல் மாதம், நான் பதிவு செய்துகொண்டிருந்தபோது, நீங்கள் ஆடத் தெரியாமல் ஆடி மேசையில் இடித்தது அது. வெட்டியெடுக்க இரண்டு நிமிடம் போதும். எட்டு வருஷமாக வெட்டவில்லை. இன்று சாயங்காலம் வந்து யோசிப்பேன்.