பித்தளை வட்டாவில் கத்திய மீட்டர்

கல்முனை,
வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு.

அன்பு மகள் றிப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் உன் தங்கை சிபானாவும் சுகம், வாப்பாவின் முழங்கால் மட்டும் சொல்பேச்சுக் கேட்பதில்லை. நீயும் கோலாலம்பூரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க துஆ கேட்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், கடைசி வரை வாசி.

கரண்ட் பார்க்கிற மீட்டர் இன்னுமொன்று வாங்கப் போவதாகவும் இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு கிழமையாக நித்திரை இல்லை என்றும் சொன்னாய். உன் வயதுப் பிள்ளைகள் காப்பு வாங்கத்தான் இப்படி யோசிப்பார்கள். வீட்டில் இருக்கிறது போதாதா என்றால், ஒன்று காட்டுவது சரியா என்று பார்க்க இன்னொன்று வேண்டும் என்பாய், அந்த இன்னொன்று சரியா என்றால் அதற்குத்தான் மூன்றாவது என்பாய். பழைய ரேடியோவுக்கு எந்த மீட்டரும் போதும், சுவரில் வருகிற கரண்டைத் தொடுவதென்றால் நல்ல பியூஸும் தடித்த வயரும் உள்ளது வேண்டும் என்று எனக்குப் படிப்பித்தவளே நீதான். அப்படியானதையே எடு, மலிவைப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொள்ளாதே.

இனி விசயத்துக்கு வருகிறேன். பொத்துவிலில் இருந்து சல்மா உம்மா, மகன் முஸ்தாக்குக்கு உன்னைக் கேட்டு வீடு பார்க்க வந்தார். நம் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை வந்து குடியிருக்கப் போகிற வீடு, நிலைக்கதவு முதல் கிணறு வரை பார்க்காமல் போவார்களா. பையனின் படத்தை நீ சிபானாவிடம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கியதும் எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறேன். அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது. கண்ணாடி அலுமாரியில் கோப்பைகளுக்குப் பக்கத்தில் உன் மீட்டர்கள் வரிசையாக நிற்பதைக் கண்டால் பெண்ணா மெக்கானிக்கா என்று கேட்டுவிடுவார்களே என்று, வேன் கேட்டடியில் வந்து நிற்கையில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்ப் படுக்கையறை அலுமாரிக்குள் சீலைகளுக்கு இடையில் செருகினேன். மஞ்சள் மீட்டருக்கு மட்டும் இடமில்லை, வெற்றிலை வைக்கிற பித்தளை வட்டாவுக்குள் வயரோடு வைத்தேன். அவசரத்தில் அதன் திருகு, வயர் முனைகள் உலோகத்தில் பட்டால் கத்துகிற இடத்தில் போய் நின்றது எனக்குத் தெரியாது. சல்மா உம்மா, மரம் தேக்கா முதிரையா என்று பார்க்க அந்த அலுமாரிக் கதவையே இழுத்தார், வயர் இரண்டும் சரிந்து முனைகள் வட்டாவில் பட்டதுதான் தாமதம், பீ என்று ஒரே கத்தல். என்ன புள்ள, உள்ளுக்குள்ள என்னமோ கத்துதே என்றார். எனக்கு வாயில் வந்தது, அது இவருக்குப் பிரஷர் பாக்கிற மெசின் என்ற பொய்தான். அந்த மனுஷி உடனே கட்டிலில் உட்கார்ந்து, எனக்கும் பிரஷர் இரிக்கி, ஒருக்காப் பாருங்களன் என்று சட்டைக்கையைச் சுருட்டிக் கையை நீட்டிவிட்டார்.

வாப்பா வாசற்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், உதவிக்கு வரவில்லை. நான் எந்த வயரை எங்கே சுற்றுவது? கடைசியில், இது பிரஷர் பாக்கிறது இல்ல, கரண்ட் பாக்கிறது, எண்ட மகள்ற சாமான், இன்னும் இரிக்கி என்று சொல்லிச் சீலைகளை விலக்கி எல்லாவற்றையும் காட்டிவிட்டேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஓ என்றார், சட்டைக்கையை இறக்கிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். இன்னும் ஒரு சேதியும் இல்லை. தரகர் ஹஸனைக் கேட்டால், அங்கே வீட்டில் கதைக்கிறார்கள் என்கிறார்.

அவர் போன பிறகு வாப்பா என்னை ஏசவில்லை, அதுதான் கூடுதலாகச் சுட்டது. இந்த ஊட்ட ஆருட பேருல எழுதிரிக்கம், அவட ஊட்டுக்குள்ள அவட சாமானையே ஒளிக்கிறயா என்று மட்டும் கேட்டார். சீதனமாக உன் பேரில் எழுதிய வீடு அல்லவா. மகள், அன்று நான் மிகவும் வெட்கப்பட்டேன், உன்னை நினைத்து அல்ல, என்னை நினைத்து. பொத்துவிலில் இருந்து ஓம் என்று வந்தால் எனக்கும் சந்தோசம். வராவிட்டால் நீ இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய், நானும்தான். ஆனால் அதற்காக உன் ஆசையை நீ சுருக்கிக்கொண்டால் என்னால் தாங்க ஏலாது. மீட்டர்களைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன், கோப்பைகளைக் குசினிக்கு இறக்கிப் புதியதுக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், உன்னை நீயாகவே ஏற்கிற நல்ல துணையையும் தருவானாக. ஈரத்தலையோடு படுக்காதே. எந்த மீட்டர் எதற்கு என்று தெளிவாக எழுதி அனுப்பு, இனி வீடு பார்க்க யார் வந்தாலும் முதலில் மீட்டர்களைத்தான் காட்டப் போகிறேன்.

உன்மேல் உயிராக இருக்கும்
உம்மா,
பாத்தும்மா.