கூலரை அணைக்கச் சொன்னவனுக்கு

நனைந்த புல்லின் வாடை. ஸ்ரீவில்லிபுத்தூர் பில்லியர்ட்ஸ் ஹாலுக்குள் நுழைந்ததும் முதலில் வந்தது அதுதான். மூலையில் அதே கூலர். தகரப் பெட்டி, முதுகில் தண்ணீர் சொட்டும் புல் தட்டி. அதற்கு மேலே உன் படம்.

ஃப்ளெக்ஸ். கையில் க்யூ கம்போடு நிற்கிறாய். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேறு. 'பில்லியர்ட்ஸ் மாவீரன் நினைவுப் போட்டி.' இருந்தவரை உன்னை 'வானிலை' என்று கூப்பிட்டவர்கள் இவர்கள். இந்தப் பக்கத்தில் மரியாதை எளிதில் கிடைக்கிறது. செத்தால் போதும்.

என்னைத் தொடங்கி வைக்கச் சொன்னார்கள். உன் நண்பனாம்.

இராஜபாளையத்தில் நூல் மில்லில் உனக்கு ஈரம் பார்க்கிற வேலை. காற்று காய்ந்தால் நூல் அறும், ஈரம் கூடினால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும். ஷிப்ட் முடிந்து அங்கே நம் ஊர் ஹாலுக்கு வந்தால், க்யூவை எடுப்பதற்கு முன் புறங்கையை மேசைத் துணியில் வைப்பாய். காய்ச்சல் பார்ப்பதுபோல.

"துணி தண்ணி குடிச்சிருக்குல. பந்து ஓடாது. ஓரத்து ரப்பர் குஷன்ல பட்டு வாரது கோணம் குறுக்கித்தான் வரும்."

தகரக் கூரையின் கீழே சித்திரை வெயில் இறங்கும் மதியங்களில் வேறு அறிக்கை. "ரப்பர் சூடாயிருச்சு மாப்ள. துள்ளும். மெதுவா தட்டு."

"தோக்கதுக்கு முன்னாடியே வானிலை வாசிக்கான் பாரு" என்றேன் ஒருநாள். ஹாலே சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. வைத்தவன் நான். மதுரையில் இயற்பியல் படித்தவன். மேசைத் துணி கம்பளி, கம்பளி ஈரத்தை இழுக்கும் என்று எனக்குத் தெரியும். பாடத்தில் இருந்தது. ஆனால் மில்லுக்குப் போகிறவன் வாயிலிருந்து அது வந்தபோது சாக்குப்போக்காகத்தான் கேட்டது. அப்படிக் கேட்கத்தான் நான் படித்திருந்தேன்.

பிறகு இந்த ஹாலில் அந்த ஆட்டம். நீயும் நானும். ஜெயிப்பவன் மதுரைப் போட்டிக்குப் போகலாம். இங்கிருந்து ஒருவருக்குத்தான் இடம். நான்கு வருடமாக நீ அதற்காக ஷிப்ட் மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருந்தாய். எனக்கு அது ஒரு விடுமுறைப் பொழுது.

கூட்டம் நிறைந்ததும் ஹால்காரர் கூலரைப் போட்டார். அது மேசையின் ஒரு முனையைப் பார்த்து ஊதியது. இரண்டு ஆட்டம் ஆளுக்கொன்றாய் முடிந்திருந்தது. நீ குனிந்து புறங்கையை வைத்தாய்.

"அண்ணாச்சி, கூலரை அமத்துங்க. இந்த முனை மட்டும் நனைஞ்சிருக்கு. செத்த நேரம் காய விட்டு ஆடுவோம்."

"ஆளுக வெந்துகிட்டு இருக்காவ, உனக்கு துணி காயணுமாக்கும்!"

"ஏலே வானிலை, புயல் எங்கன கரையைக் கடக்குது?" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

ஹாலில் ஒரு வழக்கம் உண்டு. அறையில் எதை மாற்றுவதானாலும் ஆடுகிற இருவரும் சரி என்று சொல்ல வேண்டும். ஹால்காரர் என்னைப் பார்த்தார். நீயும் பார்த்தாய். நீ குஷனில் அடித்து விளையாடுபவன். நான் நேராக அடிப்பவன். ஈரம் யாரைக் கவிழ்க்கும் என்று இருவருக்கும் தெரியும்.

நானும் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. ஆடலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அந்த அறையில் உன்னை நம்பியவன் நான் ஒருவன்தான். உரக்கச் சிரித்தவனும் நான்தான்.

மூன்றாவது ஆட்டத்தின் கடைசியில் உனக்குக் கருப்புப் பந்து மட்டும் பாக்கி. நனைந்த முனையின் குஷனில் பட்டு நடுப் பாக்கெட்டுக்கு வர வேண்டும். ஈரத்துக்கு இடம் விட்டுத்தான் அடித்தாய். நீ விட்டதைவிட ஒரு விரல் கூடுதலாகக் குறுக்கியது. அடுத்த அடியில் நான் முடித்தேன்.

திரும்பும் பேருந்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாய். ஈரம் என்ற சொல்லை எடுக்கவில்லை. "நாந்தான் சரியா அடிக்கல" என்றாய். வன்னியம்பட்டி தாண்டியதும், "மதுரையில ஏசி ரூமாம். துணி காஞ்சு கிடக்கும். குஷன்ல பட்டா பந்து விரிஞ்சு போவும். பாத்து ஆடுல."

அப்போதும் உன் மேல் எனக்கு இளக்காரம்தான் வந்தது. கவிழ்த்தவனுக்கே வழி சொல்கிற நல்லதனம். தாங்க முடியாத ஒன்று அது. மதுரையில் பந்து விரிந்து போனது. முதல் சுற்றிலேயே திரும்பினேன்.

அதன்பிறகு நீ துணியைத் தொட்டு நான் பார்க்கவில்லை. தோற்றால் க்யூவைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போவாய். மறுவருடம் மஞ்சள் காமாலை. மில்லுக்கு ஓர் ஆள் குறைந்தது, ஹாலுக்கு ஒரு சிரிப்பு.

இன்று மேசையின் இருபுறமும் இரண்டு பேர் க்யூ நுனியில் சாக்கட்டி தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். உன் படத்துக்குக் கீழே கூலர் அதே முனையைப் பார்த்து ஊதுகிறது. மாவீரனுக்கு மாலை போட்டவர்களில் ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. வெள்ளைப் பந்தை என் கையில் கொடுத்தார்கள். கீழே வைத்துவிட்டுப் புறங்கையால் தொட்டேன்.

"அண்ணாச்சி, கூலரை அமத்துங்க. துணி நனைஞ்சிருக்கு. காயட்டும், பொறவு ஆடலாம்."

உடனே பின்னாலிருந்து:

"வானிலை செத்துட்டாம்னு எவம்ல சொன்னது? இந்தா நிக்காம்லா!"

சிரித்தார்கள். நான் கற்றுக்கொடுத்த சிரிப்பு. ஆடுகிற இருவரையும் பார்த்தேன். ஒருவன் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். மற்றவனும் சரி என்றான். ப்ளக்கை நானே பிடுங்கினேன்.

துணி காய அரை மணி நேரம் ஆனது. அதுவரை மேசையருகிலேயே நின்றேன். வானிலை, வானிலை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன்.