பனியும் பெரியப்பா மீசையும்

ஓசூர்,
கார்த்திகை 18.

அன்பு மகள் ரஞ்சிதாவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், தம்பி ஹரீஷ்குமார் நலம், உன் பெரியப்பா வெங்கடசாமியும் நலமாகத்தான் இருக்கிறார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ நலமா என்று கேட்கமாட்டேன், போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது. குளிர் தாங்கவில்லை, வேலையை விட்டுப் பொங்கலுக்கே வந்துவிடுகிறேன் என்றாயே, அதற்குத்தான் உன் சிநேகிதி வினிதா கனடா கிளம்பும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய்.

பன்னிரண்டு வருஷம் ரோஜாப்பூ கம்பெனி கோல்டு ரூமில் இரண்டு டிகிரியில் நின்றவள் சொல்கிறேன், கேள். குளிரைவிட ஈரம்தான் கெட்டது. நனைந்த கிளவுஸை ஒரு நிமிஷம்கூடக் கையில் வைத்திருக்காதே, வேர்த்தால் உள்பனியனை உடனே மாற்று. சாக்ஸை இறுக்கிப் போட்டால் கால் மரத்துவிடும், தொளதொளவென்று போடு. பாதத்துக்கு விளக்கெண்ணெய் பார்சலில் இருக்கிறது. லீவு நாளில் போர்த்திக்கொண்டு படுக்காமல் மத்தியான வெயில் முகத்தில் படும்படி நட.

இனி உன்னிடம் மறைத்த ஒன்று. நீ விமானம் ஏறிய வாரம் சாமல்பட்டி முனியப்பன் கோயில் பொங்கலில், சொந்தக்காரர் அத்தனை பேரும் இருக்க, ஓசூர் குளிருக்கே மூக்கு ஒழுகறவ அந்தப் பனியில தாங்குவாளா, சித்திரை ஒண்ணுக்குள்ள பொட்டியத் தூக்கிட்டு வந்து நிப்பா, வரலைன்னா பாதி மீசைய எடுத்துக்கறேன் என்றார் உன் பெரியப்பா. வந்துவிட்டால் தன் மச்சினன் மாதேஷுக்கு உன்னைக் கட்டித் தரவேண்டுமாம். அந்த நாற்பது வயசுக்காரனுக்கு! வந்த ஆத்திரத்தில் நானும் சரி என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டேன். புத்தி கெட்ட வேலைதான், திட்டு. உன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்திலேயே உன் படிப்பை நிறுத்தச் சொன்ன வாய் அது, அதை நான் மறப்பேனா? இப்போது தினமும் மீசையை முறுக்கிக்கொண்டு செல்போனில் உன் ஊர் குளிரைப் பார்த்து, மைனஸ் முப்பதாமே என்று எனக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறார். கத்தட்டும். சித்திரை ஒன்றுக்கு வீட்டுக்கே வரும்படி சலூன்காரரிடம் சொல்லிவிட்டேன், புது பிளேடு சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

இன்னும் நாலு மாசம்தான் கண்ணு, பல்லைக் கடித்துக்கொண்டு இரு. நிஜமாகவே உடம்பு முடியவில்லை என்றால் யாரையும் கேட்காமல் கிளம்பி வா. சாமி குத்தம் என் தலையோடு போகட்டும், மாதேஷுக்கு உன்னைத் தரமாட்டேன். அந்த மீசையையும் விடமாட்டேன், அவர் தூங்கும்போதாவது எடுத்துவிடுவேன்.

முனியப்பன் உன் கைகாலைக் காக்கட்டும். விளக்கெண்ணெயை மறக்காதே.

இப்படிக்கு,
பிளேடும் கையுமாக உன் அம்மா
செல்வம்மாள்