இளவரசியின் கணினிக்காக வெண்கோடை வேந்தர் விடுத்த ஓலை

மழை பிழையாத வெண்கோடை நாட்டின் தலைவரும், ஏழு துறைமுகங்களை உடையவருமாகிய இளவேட்டரையர், பொறைநாட்டு அரண்மனையில் நம் தூதராய் வீற்றிருக்கும் செழியத்தரையருக்கு நலம் கூறி எழுதுவித்த ஓலை. அந்நாட்டு ஏரிகள் நிரம்புக, ஆநிரை பெருகுக. அந்நாட்டு வேந்தரும் நம் அரசியாரின் தமக்கை கணவருமாகிய கொற்றவேளார் நலமுடன் இருப்பாராக. அளவாக இருந்தால் போதும்.

நம் மகள் நறுங்குழலி, பகலில் கோட்டை மதில்களின் வரைபடம் தீட்டவும் மாலையில் தேர்ப்போர் விளையாடவும் ஏற்ற கணினி தன் பெரியப்பாவிடமே உண்டென்று கூறி விடுமுறைக்குச் சென்றவள், கார்காலம் கழிந்தும் திரும்பவில்லை என்பதை நீர் அறிவீர். அதனினும் சிறந்ததொன்றை இங்கே கூட்டி அவளை அழைத்துக்கொள்ள எண்ணினோம். ஆயின் நம் அவை வழக்கப்படி, அமைச்சர் எவருக்கும் மனத்தாங்கல் வராதிருக்க, உறுப்புக்கு ஒருவராகத் தேர்ந்தனர். சேனாபதி கொணர்ந்த கிராபிக்ஸ் கார்டு கேபினெட்டுக்குள் நுழையாமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கருவூலத்தார் சிக்கனம் பார்த்து வாங்கிய பவர் சப்ளை அந்தக் கார்டு ஒன்றுக்கே போதாதாம். புரோகிதர் நாள் பார்த்து வாங்கிய பிராசஸரோ, வேறொருவர் வாங்கிய மதர்போர்டில் பொருந்தவே மறுக்கிறது. ராம் நினைவகத்தில் மட்டும் குறைவில்லை. கொற்றவேளாரிடம் முப்பத்திரண்டு ஜிபி எனக் கேள்வியுற்று நாமே அறுபத்து நான்கு வாங்கினோம். அது தட்டில் கிடக்கிறது.

இந்நிலையில் உமது ஓலை வந்தது. கொற்றவேளாரின் கணினி பழையது, கார்டும் நடுத்தரமானது, சூடேறினால் இரைகிறது என்று எழுதியிருந்தீர். படித்து மகிழ்ந்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம் நீர். அவர் மாலைதோறும் அவையை முன்னரே கலைத்துவிட்டு, நம் மகளருகே இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, அவளிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறார் என்றும், அவள் வயிறு குலுங்கச் சிரிக்கிறாள் என்றும் கண்டோம். நம் அருகில் அவள் அவ்வாறு சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அரசியார் வினவினார். வயிறு எரிகிறது, செழியத்தரையரே, உம்மிடம் மறைப்பானேன்.

ஆகவே நம் ஆணை யாதெனில், இனி எந்த அமைச்சரும் இதில் தலையிடலாகாது. பிராசஸரும் அதற்கு இசைந்த மதர்போர்டும், வரைபடத்துக்கும் போருக்கும் போதுமான கார்டும், அதைத் தாங்கும் பவர் சப்ளையும், யாவும் அடங்கும் கேபினெட்டும் அவளே வந்து தேர்ந்துகொள்ளட்டும். திருகாணி முடுக்க நாம் உடனிருப்போம். கையில் பிடித்து ஆடும் கேம்பேட் இரண்டு வேண்டும் என்றும் அவளிடம் சொல்லுக. இது நம் மீன்கொத்தி இலச்சினை பொறித்த ஆணை. கதிரும் நிலவும் உள்ளளவும் மாறாது.

இலச்சினைக்குக் கீழே நாம் கைப்பட எழுதுவது: கொற்றவேளார் நம் மகளிடம் இதுவரை எத்தனை ஆட்டம் தோற்றார் என்பதை அவர் அறியாமல் விசாரித்து விரைந்து எழுதுக. நாம் அதைவிட ஓர் ஆட்டமேனும் கூடுதலாகத் தோற்க வேண்டும்.