நான்கு முறை வலப்பக்கம்

அன்புள்ள ஹம்ஸாவுக்கு,

நீ பார்த்துக்கொள்ளப் போன உன் அம்மாவின் முழங்கால் வலி இதற்குள் சரியாகியிருக்கும். அதை விசாரிக்க இதை எழுதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டர் ரிப்பேர். காட்டூர் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தே போனேன். கண்டக்டர் "திருவெறும்பூர், திருவெறும்பூர்!" என்று கத்துவது நம் சமையலறை வரை கேட்கிறது. ஆனால் சுற்றிப் போய்ச் சேர நாற்பது நிமிடமாயிற்று. நம் நகருக்கும் பக்கத்து நகருக்கும் நடுவே நிற்கும் அந்தச் சுவர்தான் காரணம்.

குடிவந்த வாரம் அந்தச் சுவரடியிலிருந்துதான் நீ போன் செய்தாய். "நாலு தடவை வலப்பக்கமே திரும்பிட்டேன், இன்னும் ஆத்து வாசல் வரலையே!" ஸ்ரீரங்கத்தில், கோயிலைச் சுற்றிவரும் சித்திரை வீதியில் வளர்ந்தவள் நீ; அங்கே நாலு முறை வலப்பக்கம் திரும்பினால் புறப்பட்ட வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம். நான் சிரித்தேன். ஆபீஸிலும் சொல்லிச் சிரித்தேன். அப்புறம் நீ தனியாக வெளியே போகவே இல்லை. வீடு உனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மருதை என்பவர் குடியிருக்கிறார். அன்று அவர் வாசல் வழியாகப் போனபோது நம் வீட்டைச் சுட்டி, "உங்க வீடுங்களா சார்? தெனம் தாளிக்கிற வாசனை வரும். ரெண்டு மாசமா காணுமே?" என்று கேட்டார்.

அவரும் நானும் இரண்டு நகர்க்காரர்களிடமும் பேசினோம். நேற்று சுவரை ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு இடித்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப் இப்போது ஐந்து நிமிடம்.

வண்டி நுழையாது. நீ நுழையலாம். என்னைக் கேட்காமல் போகலாம். வரவும் செய்யலாம்.

இப்படிக்கு,
வண்டிச்சாவியைக் கையிலேயே வைத்திருந்தவன்