கணவாயில் நின்ற வண்டி

சேலம் கோட்டை,
சனிக்கிழமை.

அன்பு மகன் ஷஹ்பாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அத்தாவும் தங்கச்சி ஷாஹிஸ்தாவும் சுகமாக இருக்கிறோம். அந்தப் போலந்துக் குளிரில் நீ சுகமா, காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா, இல்லை தலைமுடி கலையும் என்று குல்லா போடாமல் திரிகிறாயா என்று பதில் எழுது. கையில் போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் பக்கத்திலிருந்து உன் அத்தா வேறொன்று சொல்கிறார், ஷாஹிஸ்தா சிரிக்கிறாள், நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் ஷாஹிஸ்தா படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் நீ டிக்கெட் போட உட்கார வேண்டும், இது என் உத்தரவு.

போன வாரம் நீ பேசியதிலிருந்து வீடு வீடாக இல்லை. மூன்று வருஷமாக நீங்கள் செய்துவரும் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் உன் பாதியை வெட்டிவிடப் போகிறார்கள் என்று சொன்னாய். வானத்திலிருந்து பார்த்துப் படையை நடத்துவது மற்றவர்கள் செய்த பாதி, நினைத்தபோது ஒரு வண்டிக்குள் இறங்கி நாமே ஓட்டிச் சண்டை போடுவது நீ செய்த பாதி, இரண்டும் சேர்ந்து குழப்புகிறது என்று விளையாடிப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்களாம். திங்கட்கிழமை கூட்டத்தில் முடிவு செய்வார்களாம். அங்கே நான் வாயே திறக்கப் போவதில்லை, வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றாய். நீ அழவில்லைதான், ஆனால் உன் குரல் எனக்குத் தெரியாதா. என்னைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போனை வைத்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். மகன் மனசு உடைந்து பேசியிருக்கிறான், பெற்றவள் நான் என்னடாவென்றால் மாடியில் உன் மெத்தையைக் காயப்போட ஓடினேன். உன் அத்தா அதற்கு மேல். மறுநாளே பெயிண்டரைக் கூப்பிட்டு, கடைப் பலகையில் ‘ஹனீப் ஆட்டோ ஸ்பேர்ஸ்’ என்று இருப்பதற்குப் பக்கத்தில் ‘அண்டு சன்’ என்று சேர்க்கச் சொல்லிவிட்டார். ஓமலூரில் ஒரு பெண் இருக்கிறாள் என்று போன வருஷம் சொன்னேனே, அந்த வீட்டுக்கும் பையன் வருகிறான் என்று நானே சொல்லிவிட்டேன். நீ இன்னும் பெட்டியைக்கூட எடுக்கவில்லை, நாங்கள் இங்கே உன் கல்யாணப் பந்தியில் கை கழுவிக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்த உன் அத்தா, என் மகனின் மூன்று வருஷத்தைத் தின்ற சாமான் எது என்று நானும் பார்க்கிறேன், போடு அதை என்று ஷாஹிஸ்தாவிடம் கேட்டார். நீ அவளுக்கு அனுப்பியிருந்த சோதனை ஆட்டத்தை அவள் தன் லேப்டாப்பில் போட்டாள். பக்கத்து வீட்டு முத்தாயம்மாளும் சீரியல் ஓடவில்லையா என்று கேட்டபடி வந்து உட்கார்ந்துவிட்டாள். திருச்செங்கோட்டுக்காரி, எதையும் பாதியில் விட்டு எழுந்து போக மாட்டாள் என்று உனக்குத் தெரியும். திரையில் ஒரு சிவப்பு உலகம் வந்தது. புல் பூண்டு இல்லை, இரண்டு சூரியன் இருந்தது. ஒரு பக்கத்து மலையில் பனிக்கட்டியை வெட்டி ஏற்றிக்கொண்டு வண்டிகள் மறுபக்கம் உள்ள ஊருக்குப் போக வேண்டும், அந்தப் பனி போய்ச் சேர்ந்தால்தான் அந்த ஊர் ஜனங்களுக்குக் குடிதண்ணீர், வழியில் நண்டு மாதிரி இயந்திரங்கள் வந்து மறிக்கும் என்று ஷாஹிஸ்தா விளக்கினாள். வானத்திலிருந்து பார்க்க எல்லாம் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன. ஒரு புள்ளியைத் தொட்டு ஓர் இடத்தைக் காட்டினால் அது அங்கே போகிறது. இதைப் பார்த்ததும் உன் அத்தா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு அவரை யாரும் அசைக்க முடியவில்லை.

சண்டையைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. பனியை இறக்கிவிட்டு வண்டிகள் காலியாகத் திரும்புவதைப் பார்த்ததும்தான் கொதித்துப் போனார். “ரிட்டன் லோடு இல்லாம எவனாச்சும் வண்டி எடுப்பானா, இதுக்கு முதலாளி யாரு” என்று கத்தினார். திரும்பும் வண்டியில் எதையாவது ஏற்ற முடியுமா என்று அந்த ஊர் முழுவதும் தேடினார். அதற்குள் நண்டுகள் வந்து இரண்டு வண்டியைத் தின்றுவிட்டன. இரண்டாம் ஆட்டத்தில் ஓரளவு தேறினார். வண்டிகள் வரிசையாக ஒரு மலைக் கணவாய்க்குள் போய்க்கொண்டிருந்தபோது நடுவில் ஒன்று புகை விட்டு நின்றது. அதை விட்டுவிட்டு மற்றதை ஓட்டிக்கொண்டு போங்கள் அத்தா, ஆட்டத்தில் அப்படித்தான் செய்வார்கள் என்றாள் ஷாஹிஸ்தா. அவர் அவளைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். கடை வைப்பதற்கு முன்னால் தொப்பூர்க் கணவாயில் லாரி ஓட்டிய மனுஷன் இல்லையா. நின்ற வண்டிக்குப் பின்னால் கல் வைக்க வேண்டும், பின்னால் வருகிறவனுக்கு அடையாளமாகத் தழை ஒடித்துப் போட வேண்டும், கூட வந்த வண்டிக்காரன் துணைக்கு நிற்க வேண்டும், இதைச் செய்யாதவனோடு சேர்ந்து ஒரு டீகூடக் குடிக்க மாட்டார்கள். மரமே முளைக்காத உலகத்தில் தழைக்கு எங்கே போவது? அதனால் அவர் இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து பின்னால் குறுக்கே நிறுத்தி விளக்கைப் போட்டார். அந்த வண்டிக்குப் பாதுகாப்பாக அதன் பின்னால் ஒன்று. பாதையோ ஒற்றை வண்டி அகலம். கொஞ்ச நேரத்தில் படை முழுவதும் வரிசையாக மாட்டிக்கொண்டு முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் நின்றது. முத்தாயம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “ஏனுங்க பாய், இது நம்ம தொப்பூருங்களா, பஸ்ஸெல்லாம் எந்தப் பக்கமா திருப்பி உடறாங்க” என்று கேட்டாள். ஷாஹிஸ்தா சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. பல வருஷமாக இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்கவில்லை.

அப்போதுதான் நான் ஒரு காரியம் செய்தேன். டீத் தம்ளரை எடுக்கக் கை நீட்டினேன், முந்தானை பட்டதோ முழங்கை பட்டதோ, ஏதோ ஒரு பொத்தான் அழுந்திவிட்டது. வானம் போய்விட்டது. நான் அந்த நின்றுபோன வண்டிக்குள்ளே இருந்தேன். மகனே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடி முழுவதும் செம்மண் புழுதி, பக்கத்து வண்டிகூடச் சரியாகத் தெரியவில்லை. ஓட்டுகிறவன் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. தலையைத் திருப்பலாம் என்று ஷாஹிஸ்தா காட்டினாள், திருப்பினேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் காசித்துண்டு மடித்துப் போட்டிருந்தது. நம் ஊர் டிரைவர்கள் போடுவது போல, ஒரு நுனி மட்டும் தொங்கவிட்டு. உன் அத்தா வண்டியில் இருந்த காலத்தில் போடுவது போலவே. எங்கேயோ இரண்டு சூரியன் உள்ள உலகத்தில், யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியாமலே நீ அதை வைத்திருக்கிறாய். நான் அதைக் காட்டினேன். உன் அத்தா கிட்டே வந்து பார்த்தார். மேலே இருந்து பார்க்கும்போது அந்தத் துண்டு தெரியாது ஷஹ்பாஸ். அது நீ செய்த பாதியில் மட்டும்தான் இருக்கிறது.

நண்டுகள் கணவாய்க்குள் நுழைந்துவிட்டன, வெளியே வாம்மா, அந்த வண்டியை விட்டுவிடலாம் என்றாள் ஷாஹிஸ்தா. நான் வர மாட்டேன் என்றேன். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் வண்டியை உள்ளிருந்தே சரிசெய்யலாம் என்றாள், விரல் வலிக்க வலிக்கப் பிடித்தேன். இன்ஜின் உறுமியதும் மூவரும் கை தட்டினார்கள். நான் முன்னே போக வேண்டியவள் பின்னே போய், உன் அத்தா காவலுக்கு நிறுத்திய வண்டியையே இடித்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டேன். அத்துடன் ஆட்டம் முடிந்தது. அந்த ஊர் ஜனங்களுக்கு அன்றைக்குத் தண்ணீர் இல்லை, பாவம். விளையாட்டு எனக்கு வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை வார்க்கும்போது வேறொன்று மனசைப் பிடித்துக்கொண்டது. மேலே இருந்தபோது எங்களுக்கு எல்லாம் எவ்வளவு சுலபமாக இருந்தது. இதை இங்கே கொண்டுவா, அதை அங்கே நிறுத்து. ஒரு வாரமாக உன்னிடமும் அதைத்தான் செய்திருக்கிறோம். போலந்தில் ஒரு புள்ளி நிற்கிறது, அதைத் தொட்டுச் சேலத்தைக் காட்டினோம், அதுவும் சரி வாரேன் என்றது, எங்களுக்குச் சந்தோஷம். உள்ளே நீ மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பெற்றவளாக இருந்தும் பார்க்கவில்லை, அது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் அத்தாவும் அன்றைக்கு ஒரு தோசையோடு எழுந்துவிட்டார். கை கழுவிவிட்டு வந்து பெயிண்டருக்குப் போன் போட்டு, வேலையை நிறுத்தப்பா என்றார். அவன் அதற்குள் பாதி எழுதியிருக்கிறான். இப்போது நம் கடைப் பலகை ‘ஹனீப் ஆட்டோ ஸ்பேர்ஸ் அண்டு’ என்று நிற்கிறது. போகிறவர் வருகிறவரெல்லாம் அண்டு என்ன பாய் என்று கேட்கிறார்களாம். ஸ்டாக் வரல, ஆர்டர் போட்டிருக்கு என்கிறாராம். அழிக்கச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார், கிடக்கட்டும். ஓமலூர் வீட்டுக்கு நான் பேசிவிட்டேன், அவர்கள் நல்லவர்கள், அவசரம் ஒன்றும் இல்லை என்றார்கள். அந்தப் பெண்ணும் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள், அவளுக்கே இது நிம்மதியாக இருந்தாலும் இருக்கும். முத்தாயம்மாள் மட்டும் இரண்டு நாளாக வந்து வந்து, “பாயம்மா, அந்த ஊருக்குத் தண்ணி போயிருச்சுங்களா” என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நேற்று அவளே ஓட்டிப் பார்த்தாள், என்னைவிட மோசம்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். டிக்கெட் போடாதே. திங்கட்கிழமை கூட்டத்துக்குப் போ, போய் வாயைத் திற. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லி வாதாடு என்று நான் சொல்லவில்லை, லாரிக்காரன் பெண்டாட்டி பள்ளத்தில் வண்டியைத் தள்ளிய கதையைக் கேட்டு அவர்கள் என்ன செய்வார்கள். நீ ஏன் அதைச் செய்தாய் என்று உனக்குத் தெரியுமே, அதைச் சொல். கேட்டுவிட்டும் வெட்டத்தான் செய்வோம் என்றால் வெட்டட்டும், அதற்குப் பிறகு அங்கே இருப்பதோ இங்கே வருவதோ உன் இஷ்டம், எப்போது வந்தாலும் வீடு உன் வீடு, மெத்தையும் நன்றாகக் காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் பேசாமல் மட்டும் வராதே. பேசாமல் வந்தாயானால் கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் மனசு அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும், எனக்குப் பாதி மகன்தான் கிடைப்பான். பெற்ற மகனுக்கு வராதே என்று எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை, எழுதும்போது இரண்டு தடவை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். வாய்விட்டுச் சொன்னால் என்ன, நீ வர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

வெறும் வயிற்றோடு கூட்டத்துக்குப் போகாதே, இரண்டு முட்டையாவது அவித்துச் சாப்பிடு. பேசும்போது அவசரப்படாதே, அவசரப்பட்டால் உனக்குச் சொல் விழுங்கிப் போகும். காலையில் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பு, இங்கே அந்த நேரத்துக்கு நாங்களும் உனக்காக துஆவில் இருப்போம். அல்லாஹ் உனக்குத் தைரியத்தையும் நல்ல நாவையும் தருவானாக, உன் கையால் செய்ததற்குப் பரக்கத் தருவானாக, ஆமீன். அத்தாவும் ஷாஹிஸ்தாவும் ஸலாம் சொல்லச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் உன்னை வா என்று கூப்பிடாத உன் அம்மா,
ரோஷன் பீவி